அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியல்

(பொறியியல் மாணவர்களும் வீடு கட்டுவோரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானின் மேற்குக் கரையில், ஷினானோ ஆறு கடலில் சேரும் இடத்தில், நீகாட்டா என்றொரு நகரம் இருக்கிறது. 1964 ஜூன் 16 அன்று பகல் ஒரு மணியளவில் அங்கே 7.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஆற்றங்கரையில் கவாகிஷி-சோ என்ற பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நின்றன. நிலம் குலுங்கி ஓய்ந்தபோது அவற்றில் சில சாய்ந்திருந்தன. ஒன்று முழுசாகவே மல்லாந்து படுத்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து, படுத்துக் கிடந்த சுவரின் மேல் நடந்து இறங்கினார்கள்.

அந்தக் கட்டடங்களின் புகைப்படத்தைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. கட்டடங்கள் சாய்ந்தனவே தவிர உடையவில்லை. கான்கிரீட் நன்றாக இருந்தது, கம்பி நன்றாக இருந்தது. பின்னால் சாய்ந்தவற்றில் பலவற்றை ஜாக்கி வைத்து நிமிர்த்தி, அடித்தளத்தைப் பலப்படுத்தி மறுபடியும் குடியேறினார்கள். கட்டியவர் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. காலுக்குக் கீழே இருந்த மண்தான் சில நிமிடங்களுக்கு மண்ணாக இல்லாமல் போனது. சில வாரங்களுக்கு முன்னால்தான் கட்டி முடித்த ஷோவா பாலத்தின் இரும்பு உத்தரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்ததும் அன்றைக்குத்தான்.

இதை மண் திரவமாதல் என்கிறோம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். படியில் அரிசி அளக்கும்போது விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி கீழே இறங்கும், பார்த்திருக்கிறீர்கள். தளர்ந்து கிடந்த மணிகள் நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. தளர்ந்த மணலைக் குலுக்கினாலும் அப்படித்தான். ஆனால் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடம் முழுக்கத் தண்ணீர் என்று வையுங்கள். மணல் நெருங்க வேண்டுமென்றால் தண்ணீர் வெளியேற வேண்டும். நிலநடுக்கம் அரை நிமிடம், ஒரு நிமிடம். அதற்குள் தண்ணீர் எங்கே போகும்? போக முடியாத தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. மேலே இருக்கும் பாரத்தை அதுவரை ஒரு மணி இன்னொரு மணியின் மேல் ஏற்றித் தாங்கியது. இப்போது அந்தப் பாரம் தண்ணீரின் தலையில் விழுகிறது. மணிகள் ஒன்றையொன்று பிடிப்பதில்லை. தண்ணீருக்குச் சாய்வைத் தடுக்கும் பலம் கிடையாது. எனவே கனமானது அமிழ்கிறது. உள்ளீடற்ற கழிவுநீர்த் தொட்டியும் குழாயும் மேலே மிதந்து வருகின்றன. அழுத்தம் தாளாத தண்ணீர் மேல்மண்ணைக் கிழித்துக்கொண்டு மணலோடு பீறிடுகிறது.

நம் நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமானால் 1934 ஜனவரி 15-க்குப் போக வேண்டும். பீகார்-நேபாள நிலநடுக்கம். வடக்கு பீகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை அமிழ்ந்து, கட்டடங்கள் சாய்ந்து, வயல்களில் மணல் பீறிட்டது. கிணறுகளை மணல் அடைத்தது. நிலவியல் துறையினர் அந்தப் பகுதிக்கு அமிழ்வுப் பட்டை என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தார்கள். பிறகு 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை, கட்ச். ரண் சமவெளியில் தண்ணீரும் மணலும் பொங்கி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சாங், தப்பர், சிவ்லக்கா போன்ற மண் அணைகள், அடியில் இருந்த வண்டல் மணல் இளகியதால் சரிந்தன. நீர்த்தேக்கங்களில் அப்போது தண்ணீர் குறைவாக இருந்தது நம் அதிர்ஷ்டம். கண்ட்லா துறைமுகத்தில் தூண் அடித்தளத்தின் மேல் நின்ற சுங்க அலுவலகக் கோபுரமும் சாய்ந்தது. தூண் அடித்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்லும் நண்பர்கள் அந்தக் கோபுரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எந்த மண் இளகும், எந்த மண் இளகாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். இதற்கென்று ஏதோ பெரிய கருவி வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவி உங்கள் தெருவுக்கே வந்து போயிருக்கும்.

புது அடுக்குமாடி வரப்போகும் காலி மனையில், மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலி ஒன்று நிற்கும். பக்கத்தில் டீசல் வின்ச் புகை விட்டுக்கொண்டிருக்கும். பெண்டோனைட் கரைசல் ஒரு குழியில் சேறாகக் கலங்கிக் கிடக்கும். துளை வேண்டிய ஆழத்துக்குப் போனதும், அடியில் ஒரு குழாயை இறக்குவார்கள். வெளிவிட்டம் 2 அங்குலம். நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து திறக்கலாம். அதோடு இணைத்த ராடு தரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் சாக்பீஸால் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக மூன்று பங்கு குறிப்பார்கள். பிறகு 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரம் தூக்கி விடுவார்கள். வின்ச்சின் உருளையில் கயிறு சுற்றியிருக்கும். இழுத்தால் எடை ஏறும், தளர்த்தினால் விழும். ஒருவர் கயிற்றைப் பிடிப்பார், ஒருவர் சத்தமாக எண்ணுவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையின் அடியில் கலைந்த மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்ததோ, அதுதான் அடி எண். ரிப்போர்ட்டில் 'என் வேல்யூ' என்று போட்டிருக்கும். 50 அடி அடித்தும் இறங்கவில்லை என்றால் 'ரிஃப்யூசல்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இவ்வளவுதான் எஸ்.பி.டி. எனப்படும் 'ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்'. 1902-இல் பாஸ்டனில் சார்லஸ் கோ என்ற ஒப்பந்தக்காரர் துளையின் அடியில் குழாயை அடித்து மண்ணெடுக்க ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்த முறை. மண் இயக்கவியலின் தந்தை என்று நாம் சொல்லும் டெர்சாகி 1947-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இவர்கள் யாரும் நிலநடுக்கத்தை நினைத்து இதைச் செய்யவில்லை. அடித்தளம் தாங்குமா என்று பார்க்கச் செய்தார்கள்.

நிலநடுக்கத்தோடு இதை முடிச்சுப் போட்டது நீகாட்டாதான். அந்த நகரத்தில் கட்டடம் கட்டுவதற்காக முன்பே போட்ட துளைகளின் கணக்குகள் இருந்தன. நிலநடுக்கம் முடிந்ததும் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல இடங்களில் திரும்பத் துளையிட்டு ஒப்பிட்டார்கள். எங்கே கட்டடம் சாய்ந்தது, எங்கே நின்றது, அங்கங்கே அடி எண் என்ன? விடை ஆச்சரியமாக இருந்தது. அடித்தள மட்டத்தில் அடி எண் 15-க்குக் கீழே இருந்த இடங்களில் சேதம் கடுமை. 25-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போன இடங்களில் சேதம் லேசு, அல்லது இல்லவே இல்லை. ஒரே நகரம், ஒரே குலுக்கல். வித்தியாசம் மணல் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதில் மட்டும்.

அதே 1964-இல் மார்ச் மாதம் அலாஸ்காவிலும் 9.2 அளவில் பெரும் நிலநடுக்கம் வந்து நிலச்சரிவுகளை உண்டாக்கியிருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போல்டன் சீட், அவரோடு இட்ரிஸ், இரண்டு அனுபவங்களையும் கையில் எடுத்துக்கொண்டு 1971-இல் ஓர் எளிய வழிமுறையை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க நடந்த நிலநடுக்கங்களில் இளகிய இடம், இளகாத இடம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். கிடைமட்டத்தில் திருத்திய அடி எண். செங்குத்தில் அந்த நிலநடுக்கம் மண்ணுக்குக் கொடுத்த குலுக்கலின் அளவு. இளகிய புள்ளிகள் ஒரு பக்கம், இளகாதவை மறுபக்கம், நடுவே ஒரு வளைகோடு. பின்னால் பலர் புள்ளிகளைச் சேர்த்தார்கள், கோட்டை நகர்த்தினார்கள். 2001-இல் யூட் முதலியோர் சேர்ந்து வெளியிட்ட வடிவம்தான் இன்றைக்குப் பரவலாகப் புழங்குகிறது. நம்முடைய ஐ.எஸ். 1893 நிலநடுக்க விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இந்த வழிமுறை பின்னிணைப்பாக வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டு மண் பொறியியலின் மிக நேர்மையான வேலை இதுதான். கோட்பாட்டிலிருந்து பிறந்ததல்ல, சாய்ந்த வீட்டையும் நின்ற வீட்டையும் எண்ணிப் பார்த்துப் போட்ட கோடு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்திருப்பது தெரிகிறது. ஐந்து நிமிடம் பொறுங்கள்.

நானே வைத்துக்கொள்ளும் மனை இது. கடலோர மணல். மழைக்காலத்தில் 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர். 6 மீட்டர் ஆழத்தில் அடி எண் 10. மணல் கன மீட்டருக்கு 1.9 டன் என்று வைப்போம். அந்த ஆழத்தில் மேலே இருக்கும் மொத்தப் பாரம் சதுர மீட்டருக்கு 11.4 டன். அதில் 5 டன்னைத் தண்ணீர் தாங்குகிறது. மணிகள் தாங்குவது 6.4 டன்தான். நிலநடுக்க வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்துக்கு அந்த 2016 பதிப்பு தரும் காரணி 0.16, அதாவது தரை முடுக்கத்தைப் புவியீர்ப்பில் 0.16 பங்கு என்று கொள்கிறோம். சீட்-இட்ரிஸ் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் குலுக்கலின் அளவு 0.177 வருகிறது. அடுத்து மண்ணின் பலம். ஆழத்துக்கும் ராடின் நீளத்துக்கும் திருத்தினால் நம் 10 என்பது 12 ஆகிறது. வளைகோடு அதற்குக் கொடுக்கும் பலம் 0.131. ஆனால் கோடு 7.5 அளவுள்ள நிலநடுக்கத்துக்கானது. நாம் 6.5-ஐ எடுத்துக்கொண்டால் குலுக்கல்களின் எண்ணிக்கை குறைவு, 1.44-ஆல் பெருக்கலாம். 0.189. பலத்தைக் குலுக்கலால் வகுத்தால் 1.07. ஒன்றுக்கு மேல். இளகாது என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

அந்த வளைகோடு சுத்தியலின் ஆற்றலில் 60 சதவீதம் ராடில் இறங்குகிறது என்று வைத்துப் போட்டது. நம் கயிற்று வின்ச்சில் எவ்வளவு இறங்குகிறது? கயிறு பழசா, ஈரமா, உருளையில் எத்தனை சுற்று, கயிறு பிடிப்பவர் காலை ஒன்பது மணிக்கு விடுவது போலவே மாலை நான்கு மணிக்கும் விடுகிறாரா என்பதைப் பொறுத்தது. மேலைநாட்டு அளவீடுகளில் வளைய வடிவச் சுத்தியலுக்குச் சாதாரணமாக 45 சதவீதம்தான் கிடைத்திருக்கிறது. தானியங்கிச் சுத்தியல் என்றால் 80-ஐத் தாண்டியும் போகும். நம் மனையில் உண்மையில் 45 சதவீதம்தான் இறங்கியது என்று வையுங்கள். அடி பலவீனம், ஆகவே எண்ணிக்கை கூடிவிட்டது. திருத்தினால் 12 என்பது 9 ஆகிவிடும். பலம் 0.150. விகிதம் 0.85. இளகும்.

மண் மாறவில்லை. கயிறு மாறியது, தீர்ப்பு மாறிவிட்டது.

இன்னொன்று பாருங்கள். துளைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டம் வெளியே நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தால், வெளித் தண்ணீர் துளைக்குள் பாய்ந்து அடி மணலைக் கிளப்பிவிடும். அங்கே அடித்தால் எண்ணிக்கை உண்மையைவிட மிகக் குறைந்து வரும். நல்ல மண்ணைக் கெட்ட மண் என்று எழுதுவோம். சரளைக்கல் குறுக்கே வந்தால் நேர்மாறு: குழாயின் வாயில் ஒரு கல் அடைத்துக்கொள்ளும், எண்ணிக்கை எகிறும், கெட்ட மண் நல்ல மண் ஆகிவிடும். முதல் 15 சென்டிமீட்டரையும் கூட்டி எழுதுவது, எடையை 75-க்குப் பதில் கண் மதிப்பில் 60-க்குத் தூக்குவது, இரண்டு துளைகள் போட்டுவிட்டு மூன்றாவதை அறையில் உட்கார்ந்து நிரப்புவது, இவையெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று அடிமாட்டு விலைக்குப் பேசி, ஒரே நாளில் முடித்துக்கொடு என்று நெருக்கினால் வேறு என்ன நடக்கும்?

தண்ணீர் மட்டமும் அப்படித்தான். அதே மனையில் சித்திரை மாதம் துளை போட்டு, தண்ணீர் 4 மீட்டரில் இருப்பதாக எழுதி, அதையே கணக்கில் போட்டால் விகிதம் 1.3-ஐத் தாண்டும். நிலநடுக்கம் சித்திரையில்தான் வருவேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே ஏறும் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கேட்டால் தெரியும். 2018-இல் இந்தோனேசியாவின் பாலு நகரையொட்டி பெட்டோபோ, ஜோனோ ஓகே என்ற ஊர்களில் வீடுகளும் தென்னைகளும் மெல்லிய சரிவில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடிப்போனதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பாசனக் கால்வாய் ஓடியது. நெல் வயல்களுக்குப் பாய்ந்த அந்தத் தண்ணீர்தான் நிலத்தடி நீரை அவ்வளவு மேலே வைத்திருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

குழாயைப் பிளந்து திறந்தால் உள்ளே மண் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின் பெரிய நன்மை அதுதான். எண்ணோடு மண்ணும் கையில் வருகிறது. சுத்தமான மணலைவிட வண்டல் கலந்த மணல், ஒரே அடி எண்ணுக்கு, கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சல்லடையில் சலித்து மென்துகள் எத்தனை சதவீதம் என்று பார்த்தால்தான் அந்தச் சலுகையைத் தரலாம். அதே சமயம் வண்டல் என்றாலே பயமில்லை என்றும் இருக்கக்கூடாது. 1999 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் துருக்கியின் அடபசாரி நகரத்தில் கட்டடங்கள் அமிழ்ந்ததும் சாய்ந்ததும் பெரும்பாலும் களிப்பிடிப்பு குறைந்த வண்டலின் மேல்தான். நல்ல ஒட்டும் களிமண் இப்படி இளகாது. அதற்கு வேறு கோளாறுகள் உண்டு, அவற்றை இன்னொரு நாள் பேசலாம்.

கூம்பு ஊடுருவல் சோதனை வந்துவிட்டதே, இந்தச் சுத்தியல் இன்னும் எதற்கு என்று மாணவர்கள் கேட்பீர்கள். கூம்பு நல்லதுதான். சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் அளவு தரும். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை அடிக்கும் எஸ்.பி.டி. தவறவிடும் மெல்லிய மணல் அடுக்கைப் பிடித்துவிடும். யார் கயிறு பிடிக்கிறார் என்ற தொல்லையும் இல்லை. பெரிய துறைமுகம், மின்நிலையம், பாலம் என்றால் இரண்டையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான சின்ன மனைகளுக்கு எல்லாம் கூம்பு வண்டி வராது. முக்காலி வரும். ஆகவே முக்காலியை ஒழுங்காகப் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

இளகும் என்று தெரிந்தால் மனையை விற்றுவிட்டு ஓட வேண்டுமா? வேண்டாம். மணலை இறுக்கலாம்: அதிர்வுக் குழாயை இறக்கி நெருக்கலாம், கல் தூண்கள் போடலாம், அல்லது இளகாத அடுக்கு வரைக்கும் தூண் இறக்கி, பக்கவாட்டு நகர்வுக்கும் சேர்த்துக் கணக்குப் போடலாம். இறுக்கிய பிறகு அதே சுத்தியலைக் கொண்டுவந்து மறுபடி அடித்து, எண் ஏறியதா என்று பார்க்கலாம். 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது டோக்கியோ வளைகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய உராயாசு நகரத்தின் பெரும் பகுதி இளகியது. அங்கேதான் டோக்கியோ டிஸ்னிலேண்டும் இருக்கிறது. முன்பே மணலை இறுக்கிக் கட்டியிருந்த பூங்கா தப்பித்தது; இறுக்காமல் விட்ட வண்டி நிறுத்தும் திடலில் மணலும் தண்ணீரும் பொங்கின.

சென்னை 2002-இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து, இரவு வேளையில் சென்னையே வீதிக்கு வந்தது நினைவிருக்கும். நான் யாரையும் பயமுறுத்த வரவில்லை. நீகாட்டா அளவுக்கு இங்கே வரும் என்று எந்தப் புத்தியுள்ள பொறியாளரும் சொல்ல மாட்டார். ஆனால் கடலோரம் தளர்ந்த மணலும் தாழ்ந்த இடங்களில் கொட்டி நிரப்பிய மண்ணும் நமக்கு உண்டு. ஏரியைத் தூர்த்து நகர் என்று பெயர் வைத்த இடங்களும் உண்டு. 1.07-க்கும் 0.85-க்கும் நடுவே நிற்கும் மனைகள் இங்கே இருக்கத்தான் செய்யும். விளிம்பில் நிற்கும் மனைக்குத்தான் ஒழுங்காக அடித்த அடி எண் தேவை. நல்ல பாறைமேல் நிற்பவருக்கு அது எப்படி அடித்தாலும் ஒன்றுதான்.

மாணவர்களுக்கு ஒன்று. வேலைக்குப் போன பிறகு ரிப்போர்ட்டில் அடி எண்ணைப் பார்த்ததும் சூத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். எந்த வகைச் சுத்தியல், எப்படித் தூக்கினார்கள், துளையில் தண்ணீர் எங்கே நின்றது, எந்த மாதம் அளந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு கட்டுவோருக்கும் ஒரு விண்ணப்பம். கிரானைட் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறீர்கள். மண் பரிசோதனை நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் மனையில் வந்து நில்லுங்கள். ராடில் மூன்று கோடு போட்டார்களா, எடை முழு உயரத்துக்கு ஏறுகிறதா, எண்ணுபவர் உண்மையாகவே எண்ணுகிறாரா என்று பாருங்கள். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். வெயிலில் அந்தக் கயிற்றை நாள் முழுக்க இழுப்பது சாதாரண வேலை அல்ல. அடுத்த முறை டெண்டர் போடும்போது மீட்டருக்கு இன்னும் கொஞ்சம் ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.